கரி யார் கிண்ணத்தில்

மர நாய் ஆண்டு, ஆறாம் மாதம் 14
நாக்சூ, வடக்குப் புல்வெளி

அக்காவுக்கு,

யுதோன் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், கோபத்தோடும் இருக்கிறேன். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் நீ வரிக்கு வரி தேட வேண்டியதில்லை.

லாரிக்காரர் தோப்கியாலிடம் என் பழைய பூட்ஸைக் கொடுத்தனுப்பியிருக்கிறாய். அடித்தோல் புதிதாகத் தைத்திருக்கிறது. உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்தான் உன் பேச்சு. சரி, நானே பேசுகிறேன்.

எங்கே போனாள் என்று ஊரில் கேட்டால் சொல்லிக்கொள். லாசாவில் பென்பா என்று ஒரு புகைப்படக்காரி இருக்கிறார். ஐம்பது வயது, வாயில் எந்நேரமும் காய்ந்த பாலாடைக்கட்டி. எந்த ஊரில் திருவிழா என்றாலும் கேமராவையும் ஒரு பெரிய ஓவியத் திரையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். படம் எடுப்பது அவர். காற்றில் திரை பறந்துபோகாமல் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

திரையில் கடல் வரைந்திருக்கிறது. வரைந்தவனும் கடலைப் பார்த்ததில்லையாம். இங்கே மேய்ச்சல்காரர்கள் பவளமும் அம்பருமாகத் தலை கனக்க வந்து அதன்முன் நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கேட்டார். எல்லாம் உப்புத் தண்ணீர் என்றேன். "அப்ப அள்ளிக் காயப்போட்டு விக்காம, சும்மா நின்னு வேடிக்கை பார்க்கறாங்களா?" என்றார். அவர் பரம்பரையே ஏரியில் உப்பு எடுக்கும் பரம்பரை.

இன்று பெரிய பந்தயம். ஒரே இரவில் முளைத்த ஊர்போல வெள்ளைக் கூடாரங்கள். குதிரை ஓடும்போதே சவாரிக்காரன் தலைகீழாகச் சாய்ந்து தரையில் கிடக்கும் வெள்ளைத் துணியை எடுக்கிறானாம். கூட்டம் கத்துவதைக் கேட்டேன். நான் பார்க்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியே நின்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அதைத்தான் கேட்க வந்தேன். அம்மா செத்தது கியாங்சே குதிரைப் பந்தயத்தின்போது. நான் பந்தயம் பார்க்கப் போனவள், ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது வீட்டில் விளக்கு ஏற்றி வைத்திருந்தது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆண்டு துக்க வீடு என்று நாம் புத்தாண்டு வைக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் முதல் பானை. வருடக் கடைசி இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒன்பது சரக்குக் கஞ்சியை நீ ஊற்றினாய். ஆளுக்கு ஒரு மாவு உருண்டை, உள்ளே எது இருக்கிறதோ அதுதான் அவரவர் நெஞ்சு. பிளந்து பார்த்தால் எனக்குக் கரி.

பானைக்கு ஒரு கரிதான் உண்டு. ஏழு வருடமாக அது கியூர்மே அத்தானின் கிண்ணத்தில்தான் விழும். அவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கறுத்துப் போச்சே" என்று கூத்தடிப்பார். அந்த முறை அவருக்கு வெள்ளைக் கம்பளி, மெத்தென்ற மனசுக்காரர். நெஞ்சு கறுத்தவள் நான். எதிரில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சாம்ச்சோ, "பானைக்குத் தெரியாதா என்ன" என்று சொன்னாள். கேட்டுக்கொண்டு நீ சும்மா இருந்தாய். நான் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

கரண்டி உன் கையில் இருந்தது. தெரிந்து போட்டாயா, தானாக விழுந்ததா? இதற்குப் பதில் வராமல் உன் பானைமுன் உட்கார மாட்டேன். வருகிற புத்தாண்டுக்கும் சரி, எந்தப் புத்தாண்டுக்கும் சரி.

பூட்ஸ் காலுக்குச் சரியாக இருக்கிறது.

யுதோன்


ஆறாம் மாதம் 29
வீட்டிலிருந்து

யுதோனுக்கு,

கடிதம் வந்தது. தோப்கியால் இரண்டு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுத்தான் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவர் எழுந்து போகவே இல்லை. குதிரைப் பந்தயம் பற்றி என்றேன்.

பார்லி நன்றாக வந்திருக்கிறது. கறுப்பு மாடு கிடாரிக் கன்று போட்டது. உன் அத்தானுக்கு முழங்கால் வலி. சாம்ச்சோவின் ஆடுகள் இரண்டு முறை நம் பட்டாணிக்குள் இறங்கிவிட்டன. ஊரிலேயே பழுப்பு ஆடு அவள் வீட்டில்தான், அதனால் யார் ஆடு என்று புளுகவும் அவளுக்கு வழியில்லை. ஆனாலும் என்னோடு சண்டைக்கு நின்றாள். நானும் விடவில்லை.

திருவிழா திருவிழாவாகச் சுற்றுகிறாய் என்று தெரிகிறது. எந்தத் திருவிழா உன்னை அன்றைக்கு வீட்டுக்கு வரவிடவில்லையோ அதையே பிழைப்பாக்கிக்கொண்டாய். உன்னைச் சொல்லி என்ன பயன், சின்ன வயதிலிருந்தே கொட்டுச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு ஓடுகிறவள்.

கரியைப் பற்றிக் கேட்காதே. கேட்டால் நான் பட்டாணியைப் பற்றித்தான் எழுதுவேன்.

அந்தப் பென்பா உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாரா?

நோர்சோம்


ஏழாம் மாதம் 8
லாசா

அக்காவுக்கு,

பட்டாணியைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டேன். நன்றி.

இங்கே தயிர் விழா நேற்றோடு முடிந்தது. விடிந்தும் விடியாததுமாக மலைச்சரிவில் பட்டில் தைத்த அந்தப் பெரிய புத்தர் திருவுருவத்தை விரித்தார்கள். நூறு துறவிகள் தோளில் சுமந்து ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தால் நீளமாக ஒரு பூரான் ஊர்வது மாதிரி இருந்தது. இப்படிச் சொல்லக் கூடாது என்று தெரியும், ஆனால் அப்படித்தான் இருந்தது. பிறகு மூடியிருந்த மஞ்சள் துணி மேலே போகப்போக முகம் தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற கசாப்புக்காரர் விசும்பி விசும்பி அழுதார். என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒரு கஷ்டமும் இல்லை, வருடா வருடம் இந்த இடத்தில் அழுகை வந்துவிடுகிறது என்றார்.

அப்புறம் ஆறு நாளும் தோப்பில் கூத்து. பகல் முழுக்கப் பாட்டும் கொட்டும். ஜனங்கள் கம்பளம் விரித்து, வெண்ணெய்த் தேநீர்க் குடுவையும் பார்லிக் கள்ளுமாகப் படுத்துக்கொண்டே பார்க்கிறார்கள். கூத்தில் நீல முகமூடி போட்டு வேடனாக ஆடுகிற ஒருவன் இடைவேளையில் எங்கள் திரைமுன் வந்து நின்றான். முகமூடியைக் கழற்றச் சொன்னார் பென்பா. "என் மூஞ்சியை எங்க வீட்லயே யாரும் பார்க்கறதில்ல, இது எதுக்கு?" என்று கடைசிவரை கழற்றவில்லை.

சொல்ல வந்தது வேறு. எல்லா ஊரிலும் நான் கரியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் என்று பென்பா சொல்கிறார். சொல்லட்டும். கஞ்சி ஊற்றுகிறவளுக்கு எந்த உருண்டை யாருக்குப் போகிறது என்று தெரியுமா, தெரியாதா? நாக்சூவில் ஒருத்தி, எங்கள் கூடாரத்தில் சாணிதான் எரிக்கிறோம், கரிக்கு எங்கே போவது என்று சிரித்துவிட்டாள். இங்கே தோப்பு வாசலில் தயிர் விற்கிற அம்மாளிடம் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிடிச்ச ஆளுன்னா அடியில இருந்து கெட்டியா அள்ளிப் போடுவேன். உனக்கு மேல நிக்கற தண்ணியைத்தான் ஊத்தியிருக்கேன். கவனிக்கலையா நீ?"

கிண்ணத்தைப் பார்த்தேன். தண்ணீர்தான்.

ஆக, அள்ளுகிற கைக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். அம்மா போனதிலிருந்து நீ என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த உருண்டைக்குள் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். வாயால் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன், சண்டை போட்டு முடிந்திருக்கும். உனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

பென்பா சாப்பாடு போடுகிறார். உன்னைவிட நன்றாகச் சமைக்கிறார்.

யுதோன்


ஏழாம் மாதம் 25
வீட்டிலிருந்து

யுதோனுக்கு,

நேற்று வயல் சுற்றினோம். விளைச்சல் நல்லபடியாக வீடு சேர, கோயில் புத்தகக் கட்டுகளை முதுகில் சுமந்துகொண்டு ஊரே எல்லா வரப்பையும் சுற்றி வந்தது. உன் இடத்தில் சுமக்க ஆள் இல்லை. உன் கட்டையும் நானே சுமந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது. பத்து நாளில் அறுவடை.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போனவர் ரொம்ப நேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் கன்றுக்குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவும் வரவில்லை.

ஆமாம், கரண்டி என் கையில் இருந்தது. எந்த உருண்டையை யாருக்குப் போடுகிறேன் என்று தெரிந்துதான் போட்டேன். கேட்டாயே, சொல்லிவிட்டேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அதற்குமேல் என்னால் எழுத முடியாது. பானையில் கை வைத்தவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் யார் கஞ்சி குடிப்பார்கள்? என் பேர் மட்டும் இல்லை இதில், இன்னொருவர் பேரும் இருக்கிறது.

நீ வராவிட்டால் வராதே. ஆனால் ஒன்று தெரிந்துகொள். நம் வீட்டில் அம்மா பெற்றதில் மிச்சம் நீயும் நானும்தான். எனக்கும் பிள்ளை இல்லை. பானைமுன் நானும் உன் அத்தானும் மட்டும் உட்கார்ந்தால் அது கஞ்சி குடிப்பதுதான், புத்தாண்டு இல்லை.

குளிர் வருமுன் கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

நோர்சோம்


பத்தாம் மாதம் 3
கொங்போ

அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. "தெரிந்துதான் போட்டேன்" என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். பென்பா பிடுங்கி வைத்துக்கொண்டார். பிறகு அவ்வப்போது எடுத்துப் படித்தேன். "நீ நினைக்கிற மாதிரி இல்லை" என்றால் வேறு எந்த மாதிரி? இதே யோசனைதான், வேறு வேலை ஓடவில்லை. இப்போது ஒன்று தோன்றியிருக்கிறது. தோன்ற வைத்தது ஒரு நாய்.

சிரிக்காதே. இங்கே கொங்போவில் முந்தாநாளே புத்தாண்டு பிறந்துவிட்டது. நமக்கு இரண்டு மாதம் முன்னால். ஏதோ பழைய காலத்தில் ஆண்கள் போருக்குக் கிளம்பவேண்டி வந்ததாம், கொண்டாடிவிட்டுப் போங்கள் என்று முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். போர் முடிந்து எவ்வளவோ காலமாகியும் மாற்றவில்லை. கேட்டால், பழகிவிட்டது என்கிறார்கள். காடும் வாதுமை மரமுமாக ஈரமான ஊர். திரை காயவே மாட்டேனென்கிறது.

நாங்கள் தங்கியிருப்பது யாங்கா என்கிற அம்மாள் வீட்டில். அவர் புருஷனுக்கு நெஞ்சில் சளி, வெயில் காலத்திலிருந்து படுக்கைதான். புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் இங்கே நாய்க்குத்தான் முதல் விருந்து. பலகையில் பார்லி மாவுப் பணியாரம், வெண்ணெய், வாதுமை, முள்ளங்கி, ஒரு துண்டு இறைச்சி எல்லாம் வரிசையாக வைத்து நாயைக் கூப்பிடுவார்கள். அது முதலில் எதில் வாய் வைக்கிறதோ அதுதான் அந்த வீட்டுக்கு வருடம். மாவைத் தின்றால் விளைச்சல். வெண்ணெய் என்றால் மாடு பெருகும். இறைச்சியில் வாய் வைத்தால் வீட்டில் ஒரு சாவு.

நீயே சொல் அக்கா, நாய் எதில் வாய் வைக்கும்? எனக்குப் பயமாகப் போய்விட்டது. அந்த மனுஷனையும் போர்வையோடு தூக்கி வந்து பலகை தெரியும்படி உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாய் வந்தது. இறைச்சியை மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெண்ணெயை நக்கியது. பெண்கள் அழுதே விட்டார்கள். அந்த மனுஷன் பல மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாராம். சிரிப்போடு இருமலும் வந்தது, ஆனாலும் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அன்று மத்தியானம் திரையைக் காயப்போட இடம் தேடிக் கொட்டில் பக்கம் போயிருந்தேன். யாங்கா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேகவைத்த ஆட்டு நுரையீரல் முழுவதையும் அந்த நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தார். தின்றது போதும் என்று அது தலையைத் திருப்பிய பிறகும், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினார்.

மறுநாள் தனியாக இருந்தபோது கேட்டேன், இது ஏமாற்றுவது இல்லையா என்று. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வாதுமையை உடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நாய் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்மா. ஆனா பசியோட சொல்ல வேணாமே. அவர் பார்த்துக்கிட்டு இருக்காரில்ல."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு நாளும் நான் ஒரே கேள்வியைத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேனோ? எனக்குக் கெடுதல் செய்யப் பானையில் கை வைத்தாய் என்றே நினைத்தேன். அக்கா, நீ நல்லது செய்யக் கை வைத்தாயா? வைத்திருந்தால் கரி எப்படி வந்தது?

எழுது. பானைப் பேரைப் பற்றிக் கவலைப்படாதே. நான் யாரிடமும் சொல்லமாட்டேன், பென்பாவிடம் தவிர.

கம்பளிச் சட்டை வந்தது. கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

யுதோன்


பத்தாம் மாதம் 22
வீட்டிலிருந்து

யுதோனுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நாய் விஷயம் வந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுதிடு. அவளுக்குத் தெரியட்டும்" என்றார். எழுதுகிறேன்.

கம்பளி வைத்த உருண்டையை உருட்டும்போது ஓரத்தில் ஒரு கிள்ளுக் கிள்ளி வைத்தேன். எது என்று எனக்கு அடையாளம் தெரியவேண்டும், அதற்காக. அதை உன் கிண்ணத்தில் போட நினைத்தேன். சாம்ச்சோ அந்த இரண்டு வருடமும் கிணற்றடியில், அம்மா உயிர் போகும்போது குதிரை வேடிக்கை பார்த்தவள் என்று உன்னைப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால், ஊர் முன்னால், மெத்தென்ற மனசுக்காரி என்று பானையே சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன். நான் சொன்னால் அக்கா சொல்கிறாள் என்பார்கள். பானை சொன்னால் யாரும் வாய் திறக்கமுடியாது.

கரண்டியில் கிள்ளிய உருண்டை வந்தது. சந்தோஷமாக உன் கிண்ணத்தில் போட்டேன். நீ பிளந்தபோது கரி. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாம்ச்சோ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது அதனால்தான். அது எப்படி நடந்தது என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

நீ போன பிறகு மூன்றாம் நாள் உன் அத்தான் சொன்னார். அந்தக் கிள்ளு என்னுடையது இல்லை, அவருடையது. கரி உருண்டையை அவர் வருடா வருடம் கிள்ளி வைக்கிறாராம். என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, நான் ஊற்றுகிறேன் என்று முதலில் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வாரே, அதற்காகத்தானாம். ஏழு வருடக் கரியும் அவர் தேடி எடுத்துக்கொண்டது. "வந்த மாப்பிள்ளைக்குக் கறுத்த நெஞ்சுன்னா எல்லாரும் சிரிப்பாங்க. வேற யாருக்கு வந்தாலும் ஒருத்தர் மனசு நோகும்" என்கிறார். அந்த முறை பானையில் கிள்ளிய உருண்டை இரண்டு இருந்தது. அவருக்கு என் கிள்ளு போனது, உனக்கு அவர் கிள்ளு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருடி உன் தலையில் போட்டோம்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கு உன்னை அனுப்பியது அம்மாதான். உனக்கு ஞாபகம் இருக்கும், போக மாட்டேன் என்றுதான் நின்றாய். உன்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியது அவள். எனக்கு அதில் கோபம் இருந்தது, உன்மேல் இல்லை, அவள்மேல். உன்னை அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு நாளும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் குதிரை ஜெயிச்சுது? யுதோன் வந்துட்டாளா?" என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பொறாமையில்தான் இதை உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். நெஞ்சு கறுத்தவள் யார் என்று நீயே பார்த்துக்கொள்.

நம் பானை பதினொன்றாம் மாதம் இருபத்தொன்பது. தோப்கியால் இருபத்தேழாம் தேதி லாசாவிலிருந்து புறப்படுகிறார். நான் கேட்டு வைத்திருக்கிறேன்.

நோர்சோம்


பதினொன்றாம் மாதம் 9
லாசா

அக்காவுக்கு,

சாம்பல் நிறக் குதிரை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வாலில் சிவப்பு நாடா. பந்தயத்தில் பாதிவரை நாலாவதாகத்தான் வந்தது. வளைவில் முந்தியது. ஓட்டியவன் கடைசியில் தன் தொப்பியைத் தொலைத்துவிட்டு அழுதான். ஒரு நாள் கூடத் தங்கியது அதைத் தேடித்தான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய கதை முழுதாக இருக்கவேண்டும் என்று தொப்பி கிடைத்ததா என்று பார்க்க நின்றுவிட்டேன். கிடைத்தது. ஒரு கழுதை மென்றுகொண்டிருந்தது.

இதை இரண்டரை வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்டாள் என்று இப்போதுதான் தெரிகிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கசாப்புக்காரரைப்போல அழுதேன். பென்பா திரையின் கடலை எடுத்து என்மேல் போர்த்திவிட்டார்.

கூடத்தில் அம்மா படத்துக்கு விளக்கு ஏற்றும்போது குதிரையைப் பற்றிச் சொல்லிவிடு. தொப்பியையும் சேர்த்துச் சொல்.

இருபத்தேழாம் தேதி தோப்கியால் லாரியில் வருகிறேன். ஒரு நிபந்தனை. இந்த வருடம் உருண்டை முழுவதும் நான்தான் உருட்டுவேன். நீயும் அத்தானும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. கரண்டியையும் உங்களில் ஒருவர் தொடக் கூடாது.

யுதோன்


பன்னிரண்டாம் மாதம் 11
லாசா

அக்காவுக்கு,

ஊரில் புத்தாண்டு முடித்து இங்கே வந்தால், இவர்கள் தங்கள் புத்தாண்டுக்கு இப்போதுதான் வீட்டுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொங்போ, நம் ஊர், லாசா என்று மூன்று புத்தாண்டு. கணக்குப்படி எனக்கு மூன்று வயது ஏறியிருக்க வேண்டும் என்கிறார் பென்பா.

சாம்ச்சோவின் முகத்தை நினைத்து நினைத்து இன்னும் சிரிக்கிறேன். அத்தான் கரியை எடுத்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று நெஞ்சைப் பிடித்தபோது வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நீ பிளந்தாய், கரி. ஊர்த்தலைவருக்கும் கரி, அவர் அம்மாவுக்கும் கரி. சாம்ச்சோ தன்னுடையதைப் பிளக்கவே மாட்டேன் என்றாள். நான்தான் பிளந்து காட்டினேன். எட்டுக் கிண்ணத்திலும் கரி போட்டவள் நான்தான் என்று அவர்களுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது. "பானைக்குத் தெரியாதா என்ன" என்று சொல்லவேண்டும் என்று லாரியில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள் கையில் கரியை வைத்துக்கொண்டு முழித்தபோது சொல்ல மனசு வரவில்லை. அத்தான்தான், "அப்பாடா, ஏழு வருஷமா தனியா இருந்தேன்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். பழைய வருடத்துப் பீடையை விரட்ட நாற்சந்திக்கு வைக்கோல் பந்தத்தைக் கொண்டு போகும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

ஒன்பதாவது உருண்டை என்னுடையது. அதையும் கரி வைத்துத்தான் உருட்டினேன். சத்தியமாக. ஆனால் பிளந்தபோது கம்பளி. நான் யாரிடமும் காட்டவில்லை, கையில் மூடிக்கொண்டேன். உருண்டையின் ஓரத்தில் கிள்ளு இருந்தது.

நான் வைக்கோல் கட்டப் போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்திருக்கிறாய். சாம்ச்சோ, "வெளியாள் ஒருத்தி ஊத்தினாதான் உங்க வீட்ல சண்டை வராது" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாளே, அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். உன்னைத் திருத்தவே முடியாது அக்கா. கிளம்பும்போது உன் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி இருந்தது.

அந்தக் கம்பளியில் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். கஞ்சியில் ஊறி நிறமே மாறிவிட்டது. மீதிப் பாதி என் தாயத்துக்குள் இருக்கிறது. நெஞ்சு மெத்தென்று இருக்கிறதாம் எனக்கு. நீ சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

நாலாம் மாதம் பென்பாவோடு கியாங்சே பந்தயத்துக்கு வருகிறேன். திரையை வேறு யாராவது பிடிக்கட்டும். நான் குதிரையைப் பார்க்கப் போகிறேன். நீயும் வா.

யுதோன்


பன்னிரண்டாம் மாதம் 24
வீட்டிலிருந்து

யுதோனுக்கு,

நான் பானையைத் தொடவில்லை. நீ வைக்கோல் கட்டப் போனபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். உன் அத்தானைக் கேட்டேன், அம்மா படத்தின்மேல் கை வைத்து இல்லை என்றார். அவர் அப்போது ஊர்த்தலைவரோடு வாசலில் கள் குடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் பானையைக் கிளறிக்கொண்டு தனியாக இருந்தவள் ஒருத்திதான். நான் போனபோது அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டிக்கல்லைத் துடைத்தேன் என்றாள். நம் வீட்டில் ரொட்டிக்கல்லே கிடையாது, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீ அனுப்பிய கம்பளியை மூன்று தண்ணீரில் அலசிப் பார்த்தேன். நிறம் போகவில்லை. கஞ்சிக் கறை இல்லை அது. பழுப்புக் கம்பளி.

நம் ஆடுகள் எல்லாம் வெள்ளை என்று உனக்கே தெரியும்.

நான் சாம்ச்சோவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்னோடு சண்டைக்கு வருவாள். இன்று காலையில் அவள் ஆடு இரண்டும் நம் வைக்கோல் போரில் வாய் வைத்தன. குச்சியை எடுத்துக்கொண்டு வேலிவரை போனேன். அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பந்தயத்துக்கு வருகிறேன். அவளும் வரலாமா என்று கேட்கிறாள்.

நோர்சோம்